சித்தி பொறுக்கியெடுத்த படக்கதை

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவள்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அப்பா கொச்சி மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தார். தென்காசிப் பக்கம் போய் இவளைக் கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தார். "ரண்டானம்மையாணு மோளே, சூக்ஷிச்சோ" என்று அடுத்த வீட்டுச் சேச்சி என்னை எச்சரித்திருந்தாள். மாற்றாந்தாய், ஜாக்கிரதையாக இரு என்று அர்த்தம். நானும் கொஞ்சம் அதிகப்படியாகவே ஜாக்கிரதையாக இருந்தேன்.

தம்பிக்கு மூன்றரை வயது. வெட்கங்கெட்ட பயல், வந்த வாரமே அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவனுக்குப் படக்கதைப் புத்தகம் வாங்கச் சொல்லி அப்பா எங்களை அனுப்பினார். சித்திக்கு மலையாளம் படிக்க வராது, பேசவும் கூச்சம். எனக்கோ மலையாளம்தான் தண்ணீர் பட்ட பாடு. பஜார் ரோட்டு நடைபாதையில் ஒரு சேட்டன் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார். சித்தி அட்டையைப் பார்க்கவே இல்லை. உள்ளே புரட்டிப் பெண்களின் படமாகத் தேடினாள். கண்ணாடி முன்னால் முறைக்கிற ராணியா, வேண்டாம். அடுப்படிப் பெண்ணை விரல் நீட்டி ஏசுகிற அம்மாளா, அதுவும் வேண்டாம். எனக்குப் பொறி தட்டியது. கெட்ட சித்தி வருகிற கதையையெல்லாம் இவள் ஒதுக்குகிறாள்! தப்புப் பண்ணப் போகிறவள்தானே தடயத்தை மறைப்பாள்?

கடைசியில் ஓர் அண்ணனும் தங்கையும் மிட்டாய் வீட்டின் முன்னால் கைகோத்து நிற்கும் புத்தகத்தை எடுத்தாள். "இது அண்ணன் தங்கச்சி கதை. நல்லாருக்கும், இல்ல?" என்றாள். நான் முதல் பக்கத்தை வாசித்துவிட்டேன். அந்தக் கதையிலும் ஒரு சித்தி உண்டு. படத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் இவள் கண்ணில் படாமல் தப்பிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் சித்தி கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்க, தம்பிக்குத் தமிழாக்கிப் படித்தேன். "வீட்டில அரிசி இல்ல. பிள்ளைங்களக் காட்டில விட்டுட்டு வாங்கன்னு சித்தி சொன்னா."

கத்தி நின்றது. "அப்படியா போட்டிருக்கு?"

"எழுத்தில அப்படித்தான் உண்டு."

"அம்மான்னு மாத்திப் படியேன். சின்னப் பையன் பயந்துக்குவான்."

"இல்லாததை எப்படிப் படிக்க?" என்றேன், அரிச்சந்திரனுக்கு அடுத்தபடி நான்தான் என்பதுபோல. தம்பி மெல்ல நகர்ந்து என் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பள்ளிச் சீருடை எடுக்க, சித்தி எங்களைப் படகில் எர்ணாகுளத்துக்குக் கூட்டிப் போனாள். கதையில் வரும் பையன் வழி நெடுக ரொட்டித் துணுக்குப் போடுவானே, அதுபோலப் போடச் சொல்லித் தம்பியின் சட்டைப் பையில் பொட்டுக்கடலையை நிரப்பியிருந்தேன். மடையன், சந்தில் போட மறந்துவிட்டுப் படகேறியதும் காயலில் ஒவ்வொன்றாகப் போட்டான்.

"என்னடா பண்றே?" என்று சித்தி கேட்டாள்.

"திரும்பி வர வழி."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு குடுடா" என்று வாங்கி அவளும் போட்டாள். நம்மைக் கேலி செய்கிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

துணி எடுத்துவிட்டுப் படகு ஜெட்டிக்குத் திரும்பினோம். நாலைந்து படகுகள், எல்லாவற்றிலும் மலையாளப் பலகை. "இதாம்மா நம்ம ஊருக்கு?" என்று சித்தி என்னைக் கேட்டாள். நான் காதில் விழாததுபோல் வேறெங்கோ பார்த்தேன். மட்டாஞ்சேரிப் படகு கிளம்பிப் போனது. அடுத்ததும் போனது. தம்பி பசியில் அழ ஆரம்பித்தான். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இறுகிக்கொண்டே வந்தது. ஓடிவிடாமல் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது படகு வந்தபோதுதான், போனால் போகிறது என்று, "இது" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கையில் பதிந்திருந்த வளையல் தடத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "பிள்ளை கையை இப்படியா பிடிக்கிறது? இதுக்காடி உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?" என்று கத்தினார்.

சித்தி என்னை ஒரு தரம் பார்த்தாள். மாட்டினோம் என்று நினைத்தேன்.

"ஜெட்டியில ஒரே கூட்டம். பிள்ளை தவறிடுமோன்னு பிடிச்சேன்" என்றாள்.

அன்று ஜெட்டியில் கூட்டமே இல்லை. சரியான பொய்க்காரி, இன்று கையும் களவுமாக அகப்பட்டாள் என்று முடிவு கட்டிவிட்டு, அவள் போட்ட சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவள் யாரைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னாள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.