துண்டுக்கு அடியில் பேசிய விலை

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். வியாபாரிகள் சங்க மலரில் எழுதும் தகுதி எனக்கு இல்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகக் கடை போடும் பிள்ளைகளுக்கு உதவும் என்று சங்கத்தார் சொன்னதால், என் கடை கைவிட்டுப் போகவிருந்த கதையை மட்டும் எழுதுகிறேன்.

உலகச் சண்டைக்கு முந்தைய வருஷங்களில், அம்மன் கோயிலுக்கு அருகே ஒரு மண்டபத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே எங்கள் கடை இருந்தது. நானும் என் மனைவியின் தம்பியும் கூட்டு; அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். பித்தளை விளக்கு, மரப்பாச்சி, சாயம் பூசிய மரக்குதிரை விற்றோம்.

என் அப்பா மாட்டுத் தரகர். நானும் கொஞ்ச காலம் அவருடன் சந்தைக்குப் போனேன். நாளெல்லாம் கத்த வேண்டிய தொழில், எனக்கு ஒத்துவரவில்லை. அதில் எனக்குப் பிடித்தது துண்டு மட்டும்தான். விற்பவரும் வாங்குபவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. வாயைத் திறக்க வேண்டாம்.

கடையிலும் அதையே செய்தேன். கூச்சம் ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் மண்டபத்தில் விலையைச் சத்தமாகச் சொன்னால் அடுத்த தூண்காரர் அரையணா குறைத்துச் சொல்வார். மாடு வைத்து உழும் திருவாதவூர்ப் பக்கத்துச் சம்சாரிகளுக்குத் துண்டு பழக்கம்தான். ஆனால் அவர்கள் சித்திரைத் திருவிழாவுக்குத்தான் வருவார்கள். நான் சொல்லும் இது நடந்தது ஆடி மாதம்.

“மச்சான், ஒரு வாரமா ஒரு சாமான் போகல. வாயத் தொறந்து வாங்கன்னு கூப்புட்டாத்தானே வருவாக? நாளைக்குக் காலையில வளையக்காரரு எடத்தப் பாக்க வாராரு. அவருக்கே விட்டுட்டு நீங்க சந்தைக்கே போங்க,” என்றான் மாப்பிள்ளை.

நான் விளக்குகளைத் துடைத்து அடுக்கினேன். சந்தைக்குத் திரும்ப எனக்கு மனசில்லை.

அன்று மாலை ஒரு வெள்ளைக்காரத் துரை, பட்லருடன் வந்தார். ஒரு மரக்குதிரையை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குதிரை என்பதாலோ என்னவோ, என் கை தானாகத் தோள்துண்டுக்குப் போனது. துரையின் கையை மூடி, மூன்று ரூபாய் என்று மூன்று விரலைப் பிடித்தேன்.

துரை என் கையை முழுதாகப் பிடித்துக் குலுக்கினார். ஐந்து.

வாங்குபவர் விலையை ஏற்றி நான் பார்த்ததில்லை. விரல் தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி மூன்றைப் பிடித்தேன். அவர் முன்னிலும் பலமாக ஐந்து என்றார்.

“என்னண்ணே, தொர கையப் புடிச்சு என்ன பண்றீக?” என்றார் பட்லர்.

“பேரம்.”

“எம்புட்டு?”

“நான் மூணுங்கிறேன். அவரு அஞ்சுக்குக் கொறைய மாட்டேங்கிறாரு.”

“அட, அது பேரமில்லண்ணே. அவுக ஊர்ல கையக் குலுக்குனா சிநேகம்.”

உள்ளேயிருந்து மாப்பிள்ளை குரல் வந்தது: “சிநேகத்துக்கு அஞ்சு குடுப்பாரான்னு கேளுங்கண்ணே.”

பட்லர் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். துரை வெகுநேரம் சிரித்தார். குதிரைக்கு மூன்று ரூபாய் கொடுத்தார். பிறகு என் துண்டைக் காட்டி ஏதோ கேட்டார். அதற்கு இரண்டு ரூபாய் கொடுத்து மடித்து எடுத்துக்கொண்டார்.

“ஆக அஞ்சுதான். தொர சொன்ன சொல் மாறல மச்சான்,” என்றான் மாப்பிள்ளை.

பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எவ்வளவு கூச்சமானாலும், ஒருவர் கையைப் பிடிக்கும் முன் விலையை வாயால் சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் காலை வளையல்காரர் வந்தார். முந்தின நாள் துரை சொல்லி, கடை முன்னால் நான்கு துரைமார் வந்து நின்றதால் அவர் தூணுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. என் தோளில் துண்டு இல்லாததைப் பார்த்து, முதலில் நின்ற துரை தன் கைக்குட்டையை எடுத்துக் கையின்மேல் விரித்து என்னிடம் நீட்டினார்.