துரை பெட்டியில் பூட்டிய பந்து

"பந்தே இல்லாமப் பந்தாட்டமா? கனாக் கண்டிருப்பீங்க, டீச்சரம்மா!" சின்ன வயதில் நான் பார்த்த வெள்ளைக்காரத் துரை அப்பாவைப் பழக்கியதுபோல என் மாணவிகளைப் பழக்குவேன் என்றதும், அதையெல்லாம் பார்க்காமல் பின்னாளில் ரங்கூன் வந்த அண்ணன் சிரித்தார்.

நேற்று லான்மடாவ் தெருக் கடையில் பந்து வாங்கியபோது எழுந்த தோல் வாசனையில், இப்போது சரக்குக் கிட்டங்கியாகிவிட்ட ரயில்வே மைதானத்தில், ஸ்காட்லாந்தில் கால்பந்து ஆடிப் பெயர் வாங்கி, முழங்கால் போனபின் ரயில்வேயில் வேலை பார்த்த எங்கள் ஆட்களைப் பழக்க வந்த துரை கலங்கலாகத் தெரிந்தார். பந்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அப்பாவையும் மற்றவர்களையும் வெறுங்காலோடு இடம் மாறி மாறி ஓடவைப்பார், சேறு சளசளக்கும், வேலியோரம் நிற்பவர்கள், "பந்தத் துரை தின்னுட்டாரா?" என்பார்கள். உண்மையாகவே பார்த்தேனா? அது பயிற்சியா, தண்டனையா? கேட்க அப்பா இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த எனக்கே விளங்கவில்லை.

செய்துபார்த்தாவது தெரிந்துகொள்ளலாமென்று, இன்று காலை, புதுப் பந்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, மாணவிகளைப் பள்ளி முற்றத்தில் இடம் மாறி மாறி ஓடவிட்டேன்.