நாலாவது கட்டில்

என் சித்தியின் கடைசி மகள் அவள், எனக்குத் தங்கை. ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு இஸ்திரி போட்டுக் கொடுத்தே காலத்தை ஓட்டியவள். ஒரே மகன். மூளை வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கிப் பிறந்தவன். தாடி நரைத்துவிட்டது, இன்னும் எங்களுக்கெல்லாம் குட்டிதான். அவன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவனைக் குளிப்பாட்டி, பொத்தான் போட்டு, ஊட்டிவிட்டு, அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசி, ஓய்ந்துபோனாள். மூட்டு தேய்ந்து படியேற முடியாமல் ஆனதும் அவளுக்கு ஒரே கவலை: தான் விழுந்துவிட்டால் அவனுக்கு யார்? கொழுந்தன் வீட்டில் கேட்டதற்கு, "எங்களுக்கும் வயசாகுது அண்ணி" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டாள். குட்டியைப் போன்ற மூன்று பேர் சேர்ந்து குடியிருக்கும் சாதாரண வாடகை வீடு. அவரவர் வேலையை அவரவர் செய்வார்கள். ஒத்தாசைக்கு ஒரு அம்மாள் கூடவே இருப்பாள். அங்கே ஒரு கட்டில் காலியாக இருந்தது. ஆனால் யாரைச் சேர்ப்பது என்பதைக் குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். வருகிறவர் அவர்களோடு ஒரு வேளை சமைத்துச் சாப்பிட வேண்டும். மூவரும் சரி என்றால்தான் இடம்.

நானும் துணைக்குப் போனேன். சமையலறை மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் அதட்டி வேலை வாங்குகிற ஒருவனுக்கு மேஸ்திரி என்று பட்டப்பெயர்.

"உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று குட்டியைக் கேட்டான் மேஸ்திரி.

"பழைய பாட்டுன்னா உயிரு," என்றாள் தங்கை.

"குறட்டை விடுவீங்களா?"

"ஐயோ, பூனை மாதிரி தூங்குவான்பா."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினான். "பெரியம்மா, கட்டில் இந்தம்மாவுக்கா?"

மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குட்டியும் சிரித்தான். "குடுத்தா நானே படுத்துக்குவேன் சாமி," என்றாள் அவள். விளையாட்டுக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

குட்டியின் கையில் ஒரு வெள்ளரிக்காயும் தோல் சீவியும் கொடுத்தார்கள். அந்த வீட்டில் ஒருவர் எடுத்த வேலையை இன்னொருவர் பிடுங்கிச் செய்யக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்கள். குட்டி ஒரு இழுப்பு இழுப்பான், தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான், மறுபடி இழுப்பான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பாதி சீவுவதற்குள் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "குடுடா கண்ணா," என்று வாங்கி, மளமளவென்று சீவி வைத்துவிட்டாள். நல்லது செய்ததாகத்தான் நினைத்தாள்.

மேஸ்திரியின் முகம் சுண்டிப்போயிற்று. மூவரும் எழுந்து வாசல் பக்கம் போய்க் குசுகுசுத்தார்கள். ஒத்தாசைக்கார அம்மாள் அவர்களோடு போகவில்லை.

"இவரு வரட்டும்," என்றான் மேஸ்திரி திரும்பி வந்து. "நீங்க வேணாம். தினம் வந்து எல்லாத்தையும் புடுங்குவீங்க."

"வரமாட்டேன்பா…"

"ஞாயித்துக்கிழமை மட்டும் வாங்க. வந்தா உக்காரணும். கை வைக்கக் கூடாது." பிறகு குட்டியிடம் கேட்டான்: "எங்ககூட இருக்கீங்களா?"

குட்டி வழக்கம்போல் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பதில் சொல்ல வாயெடுத்தவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது; கையை எடுக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. குட்டி அந்த மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"எந்தக் கட்டில்?" என்றான்.

"சன்னலோரம். ஆனா ஃபேன் கடகடன்னு சத்தம் போடும்."

பார்க்கப் போனான். கூடப் போக எழுந்தவள், மேஜையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரமே குட்டியைத் துணிமணிகளோடு கொண்டுபோய் விட்டோம். அங்கிருந்து தங்கை நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியலக்கா," என்றாள்.

"எங்கயும் வைக்க வேணாம். படு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தாள். மறுநாள் உச்சி வெயில் வந்தும் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது.