இசபெல் அக்காவின் கட்டில்

லியனார்ட்டைப் போல மூளைக்காரனை நான் பார்த்ததில்லை. அவனைப் போல மடையனையும் பார்த்ததில்லை. டிக்கோயாவில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அப்பனும் ஆத்தாவும் செத்த பிறகு அக்கா இசபெல்தான் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தது. எண்பத்திரண்டில் ஹட்டனில் எங்கள் தேயிலைக் கம்பனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது புரோகிராம் எழுத வந்தான். நான் மக்பூல், அதே அறையில் ஆபரேட்டர்.

தோட்டங்களிலிருந்து அன்றன்று பறித்த கொழுந்தின் நிறை, இத்தனை கிலோ என்று, டெலிபோன் லைனில் வரும். லைன் மந்தம். அதனால் புரோகிராம் மெமரியில் ஓரிடத்தைக் காட்டி, "நிறை வந்தால் இங்கே போடு" என்று கேட்டுவிட்டு, காத்திருக்காமல் வேறு வேலைக்குப் போய்விடும். லைன் செத்தால் அந்தக் கேள்வியை ரத்துச் செய்யும். ரத்து என்று சொன்ன கையோடு அதே இடத்தில் தொழிலாளர் பெயர்ப் பதிவை ஏற்றும்படி எழுதியிருந்தான். மெமரிக்கு அவ்வளவு பஞ்சம்.

இசபெலுக்கோ வேறு கவலை. புருஷன் வியாகுலம் சாவதற்கு முன், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தான். "எனக்கு அங்க யாரு இருக்கா? தம்பிய விட்டுட்டுப் போக மாட்டேன்" என்று அது ஒற்றைக்காலில் நின்றது. லியனார்ட் அந்த விண்ணப்பத்தை ரத்துச் செய்யச் சொல்லி, அழகான இங்கிலீசில் பதிவுத் தபால் அனுப்பினான்.

டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் அக்கா ஆபீஸ் வாசலில் நின்று கேட்கும். "பதில் வந்துச்சா தம்பி?"

"வேணாம்னு எழுதியாச்சுல்ல? அப்புறம் என்ன பதில்? சும்மா நச்சரிக்காதக்கா" என்று சிரிப்பான் லியனார்ட்.

நானும் கூடச் சிரித்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஜூன் மழையில் லைன் விட்டு விட்டு வந்தது. அச்சில் பார்த்தால் முப்பது ஆட்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொழுந்து நிறை! லியனார்ட் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் பிடித்துவிட்டான். ரத்துச் சொன்னபோதே நிறை பாதி வழி வந்துவிட்டிருந்தது. வந்தது பெயர்களின் மேலேயே விழுந்துவிட்டது.

"ரத்துன்னு நாம சொல்றது வெறும் வேண்டுகோள்தாங்க மக்பூல். 'ரத்தாயிருச்சு', இல்லன்னா 'முந்தியே முடிஞ்சிருச்சு'ன்னு ரெண்டுல ஒரு பதில் வரணும். அதுவரைக்கும் அந்த இடத்தத் தொடவே கூடாது."

சொன்னவன் அப்படியே நின்றான். "பதில் வந்துச்சான்னு அக்கா கேட்டுக்கிட்டே இருந்துச்சே" என்று குடைகூட எடுக்காமல் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

லயத்தில் பழுப்பு உறை வந்து கிடந்தது. அக்கா இந்தியப் பிரஜையாகப் பதிவாகி, புறப்படும் தேதியும் போட்டாயிற்று; பதிவானால் போயே ஆக வேண்டும். அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தோம். "பதியிறதுக்கு முந்தி ஒரு தடவ வந்து கேட்டிருந்தா நிறுத்தியிருக்கலாமே" என்றார் ஓர் அதிகாரி. அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கொன்றது.

ஹட்டன் ஸ்டேஷனில் அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். கோச்சி நகரும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "போய் இறங்குனதும் கடுதாசி போடச் சொல்றேன். அது வர்ற வரைக்கும் என் கட்டில யாருக்கும் குடுத்துறாத" என்றது.

ஏழு வருஷமாகிறது. எழுதத் தெரியாத பொம்பளை, அங்கே யாரைக் கெஞ்சியதோ, எப்படி இருக்கிறதோ. புரோகிராமை அவன் அப்போதே திருத்திவிட்டான். அதற்குப் பிறகு ஒரு பெயரும் அழியவில்லை.

போன ஞாயிறு லயத்துக்குப் போயிருந்தேன். அவன் தரையில் பாய் விரித்திருந்தான். காலியாகக் கிடந்த கட்டிலில் உட்காரப் போனேன்.

"அங்க வேணாங்க மக்பூல்" என்றான். "இன்னும் பதில் வரல."