மச்சான் இருந்தான், விட்டேன்

என் மனைவி லிங்கராஜபுரத்திலிருந்து ஆஸ்டின் டவுனில் உள்ள பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறிப் போகிறாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து நடத்துநர் அவளுக்குக் கொடுப்பது பூஜ்யம் அச்சிட்ட சீட்டு. கட்டணம் போனதோடு உட்கார இடமும் போயிற்று. அவளுக்கு வலது முழங்காலில் தேய்மானம். ஏறும்போது இடது காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, வலது காலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். தினமும் காலை ஏழே காலுக்கு நிறுத்தத்தில் நின்று அதைப் பார்ப்பவன் நான்.

எங்கள் தெரு முனையில் மெக்கானிக் ஒருவர் பழைய ஸ்கூட்டர்களைச் சரிபார்த்து விற்கிறார். கியர் இல்லாதது, ஓரளவு நல்ல நிலையில் இருப்பது, ஐம்பதாயிரம் சொன்னார். என் மனைவி திருமணத்துக்கு முன் வண்டி ஓட்டியவள்தான். ஒரு நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் உதவி ஆசிரியராக நான் வாங்கும் சம்பளத்தில் வாடகையும் கடன் தவணையும் போக, ஐம்பதாயிரம் என்ற எண் எந்த மாதத்திலும் தலைகாட்டியதில்லை.

பக்க வடிவமைப்பில் இருந்த ஒருவர்தான் போக்கர் செயலியைக் காட்டினார். சின்னத் தொகை மேசைகள் அதில் இருந்தன. மனைவியிடம் கேட்டேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ போடுவீங்க?"

"ரெண்டாயிரம்."

"ஒரே தடவதான். போனா போச்சு. அப்புறம் வீட்டுக் காசு ஒரு ரூபா அதுக்குள்ள போகக் கூடாது."

போகவில்லை. அந்த நிபந்தனையை நான் மீறவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆடத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், கூட்டலாம், அல்லது சீட்டை எறிந்துவிட்டு விலகலாம். இதை ஒரு கை என்பார்கள். பிழைக்க விரும்புகிறவன் நூறு கையில் எண்பதை எறிய வேண்டும். வந்து குவியும் செய்திகளில் பெரும்பகுதியைக் கூடையில் போடுவது எனக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் என்பதால் இந்தப் பகுதி சிரமமாக இல்லை.

ஆட்டத்துக்கென்று தனியே வைத்திருக்கும் பணத்தை ஆட்டக்காரர்கள் பேங்க்ரோல் என்பார்கள். கைமுதல் என்றே நான் சொல்லிக்கொண்டேன். எந்த மேசையில் உட்கார நூறு ரூபாய் வேண்டுமோ, அதில் உட்கார நாலாயிரம் கையில் இருக்க வேண்டும். நாற்பது மடங்கு. நான் தொடங்கியபோது இருபது மடங்குதான் இருந்தது. அதனால் முதல் மூன்று மாதம் பயத்தோடு ஆடினேன். பிறகு விதி கைக்கு வந்தது. எட்டாயிரம் சேர்ந்ததும் இருநூறு ரூபாய் மேசை. இருபதாயிரத்தில் ஐந்நூறு ரூபாய் மேசை. குறைந்தால் வெட்கப்படாமல் கீழே இறங்க வேண்டும். இறங்கவும் செய்தேன். ஒரு மழைக்காலத்தில் பதினொன்றாயிரம் மூன்று வாரத்தில் ஏழாயிரத்து நானூறு ஆனது. ஆடிய கைகளை எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தேன். தவறாக ஆடிய கைகள் நான்குதான். மீதியெல்லாம் சரியாக ஆடித் தோற்றவை. ஒரு செய்தியில் பிழை வந்தால் யார் விட்டது என்று என்னால் சொல்ல முடியும். இதில் யாரும் எதையும் விடவில்லை. பணம் மட்டும் போயிருந்தது.

காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஆடுவேன். இரண்டு மணிக்கு அலுவலகம். ஆடிய ஒவ்வொரு முக்கியமான கையையும் நிருபர்களுக்குக் கொடுக்கும் சுருள்கம்பிக் குறிப்பேட்டில் எழுதுவேன்: என்ன சீட்டு, எதிரில் யார், என்ன செய்தேன், ஏன்.

எடுக்கும்போது ஜெயித்த பணத்தில் முப்பது சதவீதம் வரி பிடிப்பார்கள். எழுபதாயிரம் சேர்ந்தால், நான் போட்ட இரண்டாயிரத்துக்கு வரி இல்லை, மீதிக்கு வரி போகக் கையில் நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூறு வரும். மெக்கானிக் நானூறு ரூபாயை விட்டுக்கொடுப்பார். ஆகவே இலக்கு எழுபதாயிரம். நடுவில் எடுத்தால் கைமுதல் குறைந்து மேசை இறங்க வேண்டிவரும் என்பதால் எடுக்கவே இல்லை.

மனைவி வாரத்துக்கு ஒரு முறை கேட்பாள். "என்னங்க, ஸ்கூட்டர் எந்த ஸ்டாப் வந்திருக்கு?"

"முப்பத்தெட்டாயிரம்."

"அப்போ சிக்னல்ல நிக்குது."

அவளுடைய தம்பிக்கு நீலசந்திராவில் போன் பழுதுபார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். நான் ஆடுவதை ஒரு ஞாயிறு எட்டிப் பார்த்தவன், அடுத்த ஞாயிறு தன் போனிலும் அதே செயலியை இறக்கிக்கொண்டு வந்தான். பிரியாணி வேகும் வரை இருவரும் சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து ஆடுவோம். அவனுக்கு நான் ஆடும் மேசைதான் வேண்டும்.

"தனியா ஆடினா பேஜாரா இருக்கு மாமா. தெரிஞ்ச ஆள அடிச்சாத்தான் மஜா."

"அவர அடிச்சா சாப்பாடு கிடைக்காது," என்று உள்ளேயிருந்து அவன் அக்கா சொன்னாள்.

சீட்டை நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டியதில்லை. சொன்னதுமில்லை. அவன் போன் பக்கம் கண் போகாமல் இருக்க நான் ஜன்னலைப் பார்த்து உட்காருவேன். இதில் நான் கறாராக இருந்தேன், அந்தக் கறாரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஆனால் ஒன்று செய்தேன். அவன் பணம் கட்டிய கையில் நான் அவனோடு கடைசி வரை மோதவில்லை. மனைவியின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி, சாப்பிட வந்தவன் சட்டைப்பையிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அவனுக்கே இன்னொரு கரண்டி வைப்பது எனக்கு வராது. எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. அப்படிப்பட்ட கைகளில் சீட்டை எறிந்துவிட்டு, குறிப்பேட்டில் காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: மச்சான் இருந்தான். விட்டேன்.

அறுபத்தோராயிரத்து இருநூற்றெண்பதில் கணக்கு முடக்கப்பட்டது.

ஒரு திங்கள் காலை செயலியைத் திறந்தேன். தொகை தெரிந்தது, மேசைகள் திறக்கவில்லை. கூட்டாக ஆடியதாகச் சந்தேகம், பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வாக்கியம். மைத்துனனை அழைத்தேன். அவனுடையதும் முடங்கியிருந்தது. அவனிடம் மூவாயிரத்துச் சொச்சம்.

முந்தைய நாள் அவன் போனில் டேட்டா தீர்ந்து, ஆட்டத்தின் நடுவில் எங்கள் வீட்டு வைஃபைக்கு மாறியிருக்கிறான். அதைச் செயலி தடுக்கவில்லை. ஒரே மேசையில் இரண்டு பேர், ஒரே இணைப்பு என்று குறித்துக்கொண்டது.

அடுத்த மூன்று வாரத்தில் பதினேழு மின்னஞ்சல் அனுப்பினேன். பதினேழுக்கும் பதில் வந்தது. ஒவ்வொன்றின் கீழும் வேறு வேறு பெயர், மேலே ஒரே பத்தி. தொலைபேசி எண் கிடையாது. முகவரி வேறு மாநிலத்தில். ஓர் அரசு அலுவலகம் என்றால் வாசலில் போய் நிற்கலாம். நின்று பலன் கண்டவர்களை எனக்குத் தெரியும். இங்கே நிற்க ஒரு வாசல் இல்லை.

பதினெட்டாவதாகத்தான் அந்த வேலையைச் செய்தேன். மறுப்பு என்றால் ஆதாரத்தோடு இருக்க வேண்டும் என்று நிருபர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியவன் நான். குறிப்பேட்டின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை, மொத்தம் பத்தொன்பது, படம் எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தட்டச்சு செய்து இணைத்தேன். நாங்கள் சீட்டைப் பகிர்ந்ததில்லை, அவனால் எனக்கு ஒரு ரூபாய் லாபமில்லை, பாருங்கள், அவன் இருந்த கைகளில் விலகியிருக்கிறேன் என்று எழுதினேன். எழுதி முடித்தபோது நல்ல செய்தி ஒன்றை முடித்த நிறைவு இருந்தது.

முதல் முறையாக ஒரு மனிதர் எழுதியது போன்ற பதில் வந்தது. நான்கே வரி. பதிவுகளுக்கு நன்றி என்றது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒவ்வொரு கையையும் தனக்காக மட்டுமே ஆட வேண்டும், குறிப்பிட்ட ஒருவரிடம் மட்டும் வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பதும் கூட்டு ஆட்டமே என்று விதிமுறைப் பிரிவின் எண்ணைக் கொடுத்திருந்தது. நீங்கள் அனுப்பியதில் அத்தகைய நாற்பத்தாறு கைகள் உள்ளன என்றது.

நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறுதான்.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்தவளிடம் அந்தப் பதிலைக் காட்டினேன். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே படித்தாள்.

"என்ன அநியாயம் பாரு. அவன்கிட்ட நான் ஜெயிக்கவே இல்ல. அதுக்குத் தண்டனையாம்."

"அந்த டேபிள்ல நீங்க ரெண்டு பேர்தான் இருந்தீங்களா?"

"ஆறு பேர்."

"எங்க ஸ்கூல்ல சொந்தக்காரப் பசங்க எக்ஸாம் எழுதற ஹாலுக்கு எங்கள அனுப்ப மாட்டாங்க. நாங்க காப்பி அடிக்க விடுவோம்னு இல்ல. மத்த பசங்க என்ன நெனைப்பாங்கன்னு." ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே, "அவனுக்கு விட்டீங்க. மத்த நாலு பேருக்கு?" என்றாள்.

குறிப்பேட்டை மறுபடி எடுத்தேன். ஒரு கையில் நிறுத்தினேன். என்னிடம் மூன்று ராணி. எதிரில் மைத்துனன், அப்புறம் தன் பெயருக்குப் பக்கத்தில் கிளியின் படம் வைத்திருந்த ஒருவர். கிளிக்காரர் ஏற்கெனவே முந்நூற்று நாற்பது ரூபாய் கட்டியிருந்தார். நான் தொகையைக் கூட்டினேன். அவர் பயந்து விலகினார். பிறகு நானும் மைத்துனனும் மட்டும் மிஞ்ச, அடுத்த சீட்டில் நான் எறிந்துவிட்டேன். மேசையில் இருந்ததையெல்லாம் மைத்துனன் எடுத்துக்கொண்டான். மூன்று ராணியை ஏன் எறிந்தேன் என்பது கிளிக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தக் கை முடிந்ததும் அவர் உரையாடல் பெட்டியில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்ததை நான் எழுதிவைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே வழக்கமான காரணம்.

ஞாயிறு மைத்துனன் வந்தான். அவன் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மூவாயிரம் போனதைப் பற்றி அவன் பேசவில்லை.

"இருங்க மாமா. அப்போ நான் உங்கள அடிச்சதெல்லாம் நீங்க விட்டது?"

"எல்லாம் இல்ல. நாப்பத்தாறு."

"நாப்பத்தாறு! நான் கடையில பசங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தேன், பேப்பர் ஆபீஸ்ல இருக்கற எங்க மாமாவையே அடிக்கறேன்னு."

"நீ எனக்கு எப்பவாவது விட்டிருக்கியா?"

"நான் ஏன் விடணும்? ஒவ்வொரு தடவையும் உங்கள அடிக்கத்தான் வந்தேன். ஒழுங்கா ஆடிட்டு இருந்தேன் மாமா நான்." தட்டைத் தள்ளிவைத்தான். "என்ன சின்னக் கொழந்தையா நெனச்சிட்டீங்க."

அடுத்த இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. கடையில் வேலை என்று அக்காவிடம் சொன்னான்.

பரிசீலனை முடியுமுன் சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை. அந்தச் செய்தி என் மேசைக்குத்தான் வந்தது. மூன்று நெடுவரிசை அகலத்தில் தலைப்புக் கொடுத்தேன். செய்தியில் ஐந்து பத்திகள் இருந்தன. ஐந்தாவது பத்தியில், ஆட்டக்காரர்களின் இருப்புத் தொகை திருப்பித் தரப்படும் என்று நிறுவனங்கள் தெரிவித்ததாக இருந்தது. பக்கத்தில் நான்கு பத்திக்குத்தான் இடம். இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து வெட்டுவது வழக்கம். வெட்டினேன்.

செயலி அன்றைக்கே மேசைகளை மூடியது. மற்றவர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது. வடிவமைப்பில் இருந்தவருக்கு வந்துவிட்டது. என் பெயருக்கு எதிரே பரிசீலனையில் என்றே இருந்தது. இப்போது மின்னஞ்சலுக்கு அந்த ஒரே பத்தியும் வருவதில்லை. திறந்து பார்ப்பேன். 61,280. எடுக்க முடியாது, ஆட முடியாது, ஆட இடமும் இல்லை. கைமுதல் வளரவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தொன்பது மாதத்தில் அது அசையாமல் நின்றது அப்போதுதான்.

செயலியின் தீர்ப்பு ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். முதலில் போட்ட பணம் மட்டும் திருப்பித் தரப்படும், ஜெயித்த தொகை பாதிக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும், முடிவு இறுதியானது. அதைப் படித்து முடிப்பதற்குள் வங்கியிலிருந்து இன்னொரு தகவல் வந்தது. வரவு, இரண்டாயிரம். கிளிக்காரருக்கு எவ்வளவு போகும் என்று யோசித்தேன். கேட்க வழியில்லை. கேட்டால் எனக்கு எதிராக இன்னொரு பதிவாகவும் ஆகலாம்.

"என்ன?" என்றாள்.

"பணம் வந்திருக்கு."

"எவ்ளோ?"

"போட்டது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். ஸ்கூட்டரைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. படி வரைக்கும் ஆட்கள்.

"முந்தே ஹோக்ரி, முந்தே ஹோக்ரி," என்று நடத்துநர் உள்ளே இருந்தவர்களைக் கன்னடத்தில் நகரச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நகரவில்லை.

இடது காலைப் படியில் வைத்தாள். கம்பி எட்டவில்லை, முன்னால் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்தாள். வலது கால் சாலையிலேயே இருந்தது. நான் அவள் பையைத் தாங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் என்னால் தாங்க முடிந்தது அந்தப் பையைத்தான். பேருந்து மெல்ல நகர்ந்தபோது காலை இழுத்துக்கொண்டாள். பையை நீட்டினேன். உள்ளேயிருந்து யாரோ ஒருவருடைய கை அதை வாங்கிக்கொண்டது.