எண்பதாம் எண் வாசல்

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாயு கசிந்து, எங்கள் தெருவில் பாதிப் பேர் கண் எரிந்து வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகுதான் கசிவைக் கண்காணிக்க எங்கள் குழு உருவானது. வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி அரை மணியில் வதந்தியாகத் திரும்பி வந்தது. அதனால் குழுவை நடத்திய அக்கா மின்னஞ்சல் குழு ஒன்று வேண்டும் என்றார். அவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நானே அமைத்துத் தருகிறேன் என்றேன்.

ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும். பழைய கடிதங்கள் ஓர் இணையப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே வரும். அந்தப் பக்கத்துக்கு, போர்ட் என்று சொல்லப்படும் இரண்டு வாசல்கள். எண்பதாம் எண் வாசல் திறந்த வழி. நானூற்று நாற்பத்து மூன்று பாதுகாப்பான வழி. சர்வரில் ஒவ்வொரு வாசலுக்கும் விர்ச்சுவல் ஹோஸ்ட் என்று தனித்தனிப் பகுதி எழுத வேண்டும். ஒன்றில் எழுதியது மற்றதைக் கட்டுப்படுத்தாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆபீஸில் மற்றவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் திறந்த வழியில் வருகிறவர்களைப் பாதுகாப்பான வழிக்குத் திருப்பிவிட்டேன். ஆனால் பக்கம் பாதுகாப்பானது என்று காட்டும் என் சான்றிதழ் பழைய போன்களில் செல்லவில்லை. அக்கா கூப்பிட்டார்.

“இன்னாப்பா, நம்ம பக்கத்தத் தொறந்தா செவப்பா மெரட்டுது. ஜனம் பயப்படுது.”

திருப்பிவிடுவதை எடுத்துவிட்டு இரண்டு வாசல்களையும் திறந்து வைத்தேன். பழைய கடிதங்களுக்குப் பாஸ்வேர்டு கேட்கும் வரிகளை மறுநாள் எழுதினேன். பாதுகாப்பான பகுதியில் மட்டும் எழுதினேன். சோதித்தபோது என் பிரவுசர் பழக்கப்படி அந்த வழியாகவே போய்ப் பாஸ்வேர்டு கேட்டது. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

எர்ணாவூரிலிருந்து ஒருவர் கூட்டங்களுக்கு வருவார். ஐம்பதை ஒட்டிய வயது. அந்தத் தொழிற்சாலையிலேயே ஒப்பந்தத் தொழிலாளி, வால்வுகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஒருநாள் கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியே அழைத்தார்.

“இது நம்ம ஆளுங்க மட்டும் பட்ச்சிக்கிறதுதான நைனா?”

“ஆமாண்ணே. வெளிய போவாது.”

அன்று மாலை அவர் கடிதம் வந்தது. போனில் கட்டைவிரலால் தட்டிய தமிழ், புள்ளி கமா எதுவும் இல்லை. ஒரு வால்வு பல மாதமாக முழுதாக மூடுவதில்லை, ஒவ்வொரு ஷிப்டிலும் நோட்டில் ‘சரி’ என்றே எழுதச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அக்கா அவர் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் அதிகாரிகளிடம் கொண்டுபோனார். ஆட்கள் வந்து பார்த்தார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம்.

இரண்டு வாரத்தில் அவருடைய கேட் பாஸ் ரத்தானது. உள்ளே கூப்பிட்டு, அவர் எழுதிய கடிதத்தையே காகிதத்தில் அச்சடித்து முன்னால் வைத்தார்களாம். மேலே அவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்ததாம்.

குழுவில் யாரோ காட்டிக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. தொழிற்சாலைக்கு லாரி ஓட்டும் ஓர் உறுப்பினர் மேல் அக்காவுக்குச் சந்தேகம். நானும் தலையாட்டினேன். அந்த லாரிக்காரர் கூட்டத்துக்கு வந்தபோது யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், ஆபீஸில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, அந்தக் கடிதத்தின் ஒரு வரியைத் தேடுபொறியில் தட்டிப் பார்த்தேன். முதல் முடிவே அதுதான். திறந்த வழியின் முகவரி. அழுத்தியதும் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது. கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிறகு அந்த வாசலை அடைத்தேன். தேடுபொறியில் அதன் பிரதி மேலும் பல நாள் கிடந்தது. அதை நீக்கச் சொல்லித் தினமும் விண்ணப்பம் போட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். லாரிக்காரரிடம் தானே போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். எர்ணாவூர்க்காரரிடம் மட்டும் சொல்ல வேண்டாம், குழு உடைந்துவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறினேன்.

அவர் வாசலில் ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கப் போகிறாராம். கைவிரல்கள் வெடித்திருந்தன. நடந்ததைச் சொன்னேன். விர்ச்சுவல் ஹோஸ்ட் என்றெல்லாம் சொல்லாமல், ஒரு கதவுக்குப் பூட்டு போட்டு இன்னொன்றை மறந்துவிட்டேன் என்றேன். அவர் லுங்கியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அத்த மூட எவ்ளோ நேரம் ஆச்சு?”

“அஞ்சு நிமிஷம்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். உள்ளே குரல் கொடுத்து எனக்குத் தண்ணீர் வாங்கித் தந்தார். கிளம்பும்போது, “பாத்து போங்க சார்” என்றார். அதுவரை அவர் என்னை சார் என்றதில்லை.

விஷயம் தெரிந்ததும் தொழிற்சாலைக்குள் வேலை செய்கிற மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். லாரிக்காரர் அக்காவின் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார், ஆனால் திரும்பி வரவில்லை.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு நண்பகலில் மறுபடி அதே நாற்றம். மின்னஞ்சலில் கேள்விகள் குவிந்தன. உங்கள் பக்கம் வருகிறதா, என்ன வாயு, ஓட வேண்டுமா? பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லை. வெட்கத்தை விட்டு எர்ணாவூர்க்காரருக்குப் போன் போட்டேன். எடுத்தார். மூச்சிரைத்தபடி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எந்தத் தெருக்காரர்கள் உடனே கிளம்ப வேண்டும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று நிதானமாகச் சொன்னார். கடைசியில், “இத்த நான் சொன்னேன்னு எங்கியும் எழுதாதீங்க” என்றார்.

எழுதி அனுப்பினேன். யார் சொன்னது என்று ஐந்தாறு பேர் கேட்டார்கள். நான் பதில் போடவில்லை. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டப் போனேன்.