மாமியார் வீட்டுக்கு வந்த மஞ்சள் வண்டி

அவனுக்கு ஊரார் வைத்த பெயர் சுக்குநூறு. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதையும் சின்ன வயதிலேயே கீழே போட்டு உடைத்துவிட்டான் என்பார்கள்.

ஆள் தங்கமானவன். ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்க மாட்டான். கைதான் சரியில்லை. கதவை லேசாகத் தட்டினால் கதவு உள்ளே போய்விடும், இவன் வெளியே நிற்பான். இவன் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே பிளாஸ்டிக் நாற்காலிகளெல்லாம் தாமாகவே காலை அகட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில், சொட்டுகிற குழாயை இறுக்கி மூடுகிறேன் பேர்வழி என்று திருகினான் பாருங்கள், தெருவில் தோணி விடலாம் போல ஆகிவிட்டது. இவன் பெண்டாட்டி அன்றிலிருந்து ஊறுகாய் பாட்டிலைக்கூட அவன் கண்ணில் படாமல்தான் திறப்பாள்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த தொழில் பள்ளம் தோண்டுவது. புது வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய் போட வாய்க்கால் வெட்டித் தருவான். வேலை வந்தால் வரும், வராவிட்டால் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மெஷின் சொந்தத்தில் கிடையாது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த யார்டில் வாடகைக்கு எடுப்பான். எடுத்துப் போகும்போது மெஷினாகப் போகும், திரும்பி வரும்போது மூட்டையாக வரும்.

அந்த மூட்டையைப் பிரித்து மறுபடி மெஷின் ஆக்குவது யார்டு மெக்கானிக்கின் தலையெழுத்து. அந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, சுக்குநூறுவின் மச்சான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்ளயாச்சேன்னு பாக்குறேன்" என்பார் மச்சான், ஸ்பேனரை ஆட்டிக்கொண்டே.

"இல்லேன்னா என்ன மச்சான் பண்ணியிருப்பீங்க?"

"என் தங்கச்சிக்கு வேற எடம் பாத்திருப்பேன். மெஷினே இல்லாத ஊர்ல."

யார்டுக்குச் சொந்தக்காரி ஓர் அக்கா. அவர் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு பார்த்தால், எதிரே நிற்பவன் பல்லில் சிக்கிய கீரை வரை தெரிந்துவிடும். ஒருநாள் சுக்குநூறு திருப்பிக் கொண்டுவந்த மண் இடிக்கிற மெஷினை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கைப்பிடி கோணி, மூடி காணாமல் போய், கேள்விக்குறி மாதிரி நின்றது அது. வேறு யாராவது என்றால் அவனை அன்றோடு தலைமுழுகியிருப்பார்கள். அக்காவுக்கு மூளை வேறு பக்கம் ஓடியது.

"சொந்த வண்டிய ஓட்டுறவன் கைக்கொழந்தையத் தூக்குற மாதிரி ஓட்டுவான். வாடகை வண்டிய ஓட்டுறவன் பக்கத்து வீட்டு ஆட்ட வெரட்டுற மாதிரி ஓட்டுவான்" என்றார் மச்சானிடம். "நம்ம வண்டியெல்லாம் அவனுங்க கையிலதான் பொழைக்கணும். இந்தத் தம்பி உடைக்காத மெஷின் ஒண்ணு இருந்தா, அத ஒலகத்துல எவனும் உடைக்க முடியாது. இனிமே எத வாங்குறதா இருந்தாலும் முதல்ல இவன் ஓட்டட்டும்."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. யார்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை கிடந்தது. குண்டும் குழியும், இடித்துப் போட்ட கான்கிரீட் பாளங்களும், முழங்கால் வரை சேறும், ஓரத்தில் கான்கிரீட் கட்டின ஒரு குறுகலான வாய்க்காலும், ஏறினால் வானம் மட்டும் தெரிகிற ஒரு மேடும் அதில் உண்டு. அதற்கு யார்டுக்காரர்கள் வைத்த பெயர் 'மாமியார் வீடு'. கம்பெனிக்காரன் எவ்வளவு பளபளப்பான படத்தை நீட்டினாலும் அக்கா புரட்டிப் பார்க்க மாட்டார். "படத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும். மாமியார் வீட்டுக்கு அனுப்புங்க" என்பார். சுக்குநூறு ஏறி உட்காருவான். ஜெனரேட்டரும் கலவை மெஷினும் ஆள் தூக்கும் லிப்டும் அங்கே போய்க் கண்ணீர் விட்ட கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். கூப்பிடுகிற அன்றைக்கு மட்டும் சுக்குநூறுவுக்குக் கூலி.

அப்போதுதான் யார்டு லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். மெஷின்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருகிற வேலை. தினமும் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. சுக்குநூறுவுக்கு மூக்கில் வியர்த்தது. இவன் பெண்டாட்டி டவுன் பஸ் டிரைவர். விடியும் முன்னே எழுந்து போகிறவள். வீடு அவள் ஒருத்தி தோளில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் இவனுக்கு வலி.

நேரே அக்காவிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "அக்கா, அந்த லாரிய நான் ஓட்டட்டுமா?"

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. "உன்கிட்டக் குடுத்தா மெஷின் போய்ச் சேந்துரும்பா. ரோடு திரும்பி வருமா?"

அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரமே ஒரு மஞ்சள் வண்டி வந்து இறங்கியது. குட்டி பொக்லைன். யார்டில் இருந்த பழைய பொக்லைன்களெல்லாம் இருமிக்கொண்டு கிடந்ததால், இந்த ஒரே மாடலை மொத்தமாக வாங்கி அத்தனையையும் மாற்றிவிடலாம் என்பது அக்காவின் எண்ணம். தவறான மாடலை எடுத்துவிட்டால் யார்டு முழுக்க ஒரே நோய்தான். வண்டியோடு விற்பனைப் பையன் ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை என்றால் அப்படியொரு வெள்ளை, பார்த்தால் கண் கூசும். நல்ல பையன். எல்லாரையும் 'சார்' என்றான், வாசலில் படுத்திருந்த நாயைக்கூட.

மச்சான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார். பில்டர் கைக்கு எட்டுகிறதா, கிரீஸ் போடுகிற இடம் சேற்றில் மூழ்காமல் இருக்குமா என்று குனிந்து படுத்துப் பார்த்தார். "பாக்கறதுக்குப் பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் மாலை மரியாதை செய்த மாதிரி.

பெண்டாட்டிக்கு அன்று காலை டூட்டி முடிந்திருந்தது. எதிரே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு வேலியோரம் வந்து நின்றாள். அவள் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினவர்கள் தூங்கிப்போய் ஸ்டாப்பைத் தவறவிடுவார்கள், அப்படியொரு பதம். சுக்குநூறு அவளிடம் ஓடினான்.

"ஏய், நீ எப்படி அப்படி அலுங்காம ஓட்டுற? சொல்லு."

"என்னங்க திடீர்னு?"

"சொல்லேன்."

"பெருசா ஒண்ணுமில்ல. காலுக்குக் கீழ முட்டை இருக்குன்னு நெனச்சுக்குவேன்."

"எத்தன முட்டை?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. ஆனா வீட்ல இருக்கற கடைசி முட்டை."

அவன் மனதில் என்ன ஓடியது என்றால், அக்கா கண்ணெதிரே இந்த வண்டியைப் பூ மாதிரி ஓட்டிக் காட்டிவிட்டால் லாரி நமக்குத்தான். சோதனை எதற்கு என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆசை கண்ணை மறைத்தது.

ஏறி உட்கார்ந்தான். இரண்டு லீவரிலும் இரண்டு முட்டையை நினைத்துக்கொண்டான். மாமியார் வீட்டு வாசலில் கால் வைத்த மருமகப்பிள்ளைகூட அவ்வளவு அடக்கமாக நடந்திருக்க மாட்டான். பக்கெட் மண்ணைத் தொட்டது, மண்ணிடம் அனுமதி கேட்டது, அள்ளியது. மேட்டில் வண்டி மூச்சுவிடாமல் ஏறியது. குறுகலான வாய்க்காலுக்குள் வண்டியின் கையை நேராக இறக்கி, நேராகத் தூக்கி, அப்புறம்தான் திருப்பினான். கான்கிரீட் பாளத்தைத் தாலாட்டித் தூக்கி வைத்தான். தேவைப்பட்டால் தொட்டில் கட்டியிருப்பான்.

யார்டே வாயைப் பிளந்தது. மச்சான் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார்.

"மாப்ள, உனக்கு உடம்பு சரியில்லையா?"

அக்கா எழுந்தே விட்டார். "இவன் கையிலயே இந்த வண்டி தாக்குப்புடிச்சு நின்னுடுச்சுன்னா வேற என்னப்பா பாக்கணும்? நாளைக்கே மொத்தத்துக்கும் ஆர்டர் சொல்லிடறேன்." பிறகு இடுப்பிலிருந்த வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நீட்டினார். "பிடி. லாரி சாவி. இவ்வளவு பதம் உன் கையில இருக்குன்னு தெரியாமப் போச்சே."

வேலியோரம் பெண்டாட்டி கைதட்டினாள். சுக்குநூறு சாவியைச் சட்டைப் பையில் போட்டான். பை கிழியவில்லை. அதுவே அதிசயம்.

விற்பனைப் பையன் பல் தெரிய போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் டமாரென்று ஒரு சத்தம். வாடிக்கையாளர் ஒருவர் வாடகைக்கு எடுத்த கலவை மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். இறக்கவில்லை, வேனிலிருந்து காலால் உதைத்துத் தள்ளினார்.

"ஏங்க, பாத்து இறக்கக் கூடாதா?" என்று கத்தினார் மச்சான்.

"வாடகைதானேங்க!" என்றார் அவர், கோபமே இல்லாமல். வெயில் அடிக்கிறது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் குனிந்து மெஷினின் நசுங்கின வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவர் முதுகு லேசாகக் கூன் போட்டிருந்தது. அந்த முதுகைச் சுக்குநூறு அன்றுதான் சரியாகப் பார்த்தான். தான் உடைத்ததையெல்லாம் நிமிர்த்தி நிமிர்த்தி வளைந்த முதுகு. நாளைக்கு வருகிற அத்தனை மஞ்சள் வண்டிக்கும் இப்படித்தான் ஆள் வருவான். எவன் காலுக்குக் கீழேயும் முட்டை இருக்காது.

சட்டைப் பையில் சாவி அம்மிக்கல் மாதிரி கனத்தது.

"அக்கா, நாளைக்குச் சொல்லாதீங்க" என்றான்.

"ஏம்பா?"

"நான் ஓட்டுனது பொய்க்கா. நான் ஓட்டல, என் பொண்டாட்டி ஓட்டுனா. லாரி கெடைக்குமேன்னு அவள மாதிரி முட்டைய நெனச்சுக்கிட்டு ஓட்டிக் காட்டுனேன். வாடகைக்கு எடுக்கறவன் எவனும் இப்படி ஓட்ட மாட்டான். நானே ஓட்ட மாட்டேன்."

அக்கா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அவன் சாவியை மேசைமேல் மெதுவாக வைத்தான். வைத்தபோது மேசை ஆடியது, அது வேறு விஷயம்.

"இன்னொரு தடவ ஏறட்டுமா?"

"ஏறு" என்றார் அக்கா.

இந்த முறை ஏறினது நிஜ சுக்குநூறு. வண்டி கிளம்பின கிளம்பலில் வாசல் நாய் அடுத்த தெருவுக்குக் குடிபோனது. மேட்டில் பாய்ந்தான், சேற்றில் குதித்தான், பாளத்தைப் பந்து மாதிரி உருட்டினான். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும், வண்டி அசரவில்லை. செயின் கழலவில்லை, பக்கெட் பல்லில் ஒன்றுகூட விழவில்லை. விற்பனைப் பையன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான், பெருமையாகத்தான்.

கடைசியாக அந்தக் குறுகலான வாய்க்கால். கையை உள்ளே விட்டான், மண்ணை அள்ளினான். மேலே தூக்கிவிட்டு அப்புறம் திருப்புவதுதான் முறை. சுக்குநூறு எப்போதும் தூக்கும்போதே திருப்புகிறவன். அவசரக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். வண்டியின் கை வாய்க்கால் ஓரத்துக் கான்கிரீட்டில் உரசியது. அந்தக் கையின் பக்கவாட்டில்தான் வெளியே தெரிய ஓடிக்கொண்டிருந்தது ஆயில் ஹோஸ், அந்தக் கைக்குப் பலம் கொடுக்கிற ரப்பர்க் குழாய்.

புஸ்ஸ்ஸென்று பீய்ச்சியது பாருங்கள்! கையிலே பலம் போய், பக்கெட் தொப்பென்று விழுந்தது. வெள்ளைச் சட்டை ஒரு நொடியில் தேன்கலர் ஆனது. பையனின் இரண்டு கண் மட்டும்தான் வெள்ளையாக மிச்சம்.

மச்சான் ஓடிவந்து இன்ஜினை அணைத்தார். கிழிந்த ஹோஸைத் தூக்கிப் பார்த்தார். "அடப்பாவி, நான் படுத்துப் படுத்துப் பாத்தேன், பக்கத்துல பாக்கலையே. யார்டு முழுக்க வந்திருந்தா நான் ஹோஸ் மாத்தியே செத்திருப்பேன்." சொல்லிவிட்டு மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா மச்சான், எலும்பு" என்றான் சுக்குநூறு. மச்சானுடைய எலும்பைச் சொன்னான்.

பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுவான் என்று பார்த்தால், சிரித்தான். கிழிந்த இடத்தைப் போனில் படம் பிடித்தான். "எங்க பேக்டரில எல்லாரும் நல்லா ஓட்டுறவங்க சார். அதான் தெரியல. இத மாத்திக் கொண்டு வரேன், அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் வாங்கிடாதீங்க மேடம்."

"மாத்திக் கொண்டு வா. மறுபடி இவன்தான் ஓட்டுவான்" என்றார் அக்கா. பிறகு மேசையிலிருந்த சாவியை எடுத்துத் தன் வளையத்தில் மறுபடி மாட்டினார். சுக்குநூறு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான்.

"லாரி உனக்குக் கெடையாது" என்றார் அக்கா. "அத நல்லா ஓட்டுறவன் எவன் வேணா ஓட்டிருவான். நீ காலையில இங்க வந்துடு. தினமும். புதுசா வர்றது எதுவானாலும் முதல்ல உன் கைக்கு. புதுசு வராத நாள்ல, மச்சான் ரிப்பேர் பண்ணி முடிச்சத எல்லாம் வெளிய போறதுக்கு முன்னால ஒரு தடவ ஓட்டிக் குடு. மாசச் சம்பளம்."

"உடைக்கறதுக்கா அக்கா?"

"உன் மாதிரி ஓட்டறதுக்கு. ஒடைஞ்சா அது மெஷினோட பாடு. இன்னொரு தடவ எனக்கு முட்டை வித்தை காட்டுனே, உன்னையே மாமியார் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அடுத்த பருவத்தில் மஞ்சள் வண்டி திரும்பி வந்தது. ஹோஸை உள்பக்கம் நகர்த்தி, மேலே ஓர் இரும்புத் தகட்டையும் போட்டிருந்தார்கள். பேக்டரியில் அந்தத் தகட்டுக்குப் பெயரே சுக்குநூறு தகடு என்று பையன் சத்தியம் செய்தான். இம்முறை கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தான். சுக்குநூறு நாள் பூராவும் மோதிப் பார்த்தான். தகடுதான் கீறியது, ஹோஸ் சிரித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அக்கா மொத்தத்துக்கும் சொல்லிவிட்டார்.

யார்டு மூடும் நேரத்துக்குப் பெண்டாட்டி அன்றைய கடைசி டிரிப்பை எடுத்துக்கொண்டு நிலையத்திலிருந்து வெளியே வந்தாள். சேறும் ஆயிலுமாக நின்றவனைப் பார்த்து ஓரம் கட்டினாள்.

"என்னங்க, நின்னுச்சா?"

"நின்னுடுச்சு!" என்றான், தானே பெற்றெடுத்த மாதிரி.

அவள் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க, வீட்டுக்குப் போகலாம். ஆனா கைய மடியில வச்சுக்கங்க. அந்தக் கம்பியப் புடிக்காதீங்க, நேத்துதான் மாட்டுனாங்க."